தொண்டின் அளவுகோல்

மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்றொரு சிறு தீவு உளது. எமது இளமைக் காலத்தில், தோணி அத்தீவின் பக்கமாகச் செல்லும்போது பெரியவர்கள் எம்மை மறுபுறம் திரும்பியிருக்கச் சொல்வார்கள். தொழுநோயாளருக்கான வைத்தியசாலை அங்கு இருந்தது. நோயின் பெயரை எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘பெருவியாதி’ என்று மெல்லக் கூறிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். மரங்களுக்கிடையே தெரிந்த கூரைகளை நாம் கள்ளக் கண்ணாற் பார்த்ததுண்டு. அங்கே மனிதர்கள் இருந்தார்கள், அவர்களும் எம்மைப் போலவே தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்ற எண்ணம் அன்று எமக்கு எழவில்லை.

பின்னர் நாம் படித்தோம், ஆசிரியரானோம். சமத்துவம் பற்றிய நூல்களைத் தேடி வாசித்தோம். மாணவர் மன்றங்களிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பேசினோம். சாதியின் பேராலும் சொத்தின் பேராலும் மனிதனை மனிதன் ஒதுக்கும் கொடுமையைக் கண்டித்து எழுதினோம். மாந்தீவின் அச்சம் எம் உள்ளத்திலிருந்து எப்போதோ அகன்றுவிட்டது என்றே எண்ணியிருந்தோம். அஃது அகலவில்லை என்பதை 1990களில் ஒரு நாள் எமது வகுப்பறையிலேயே கண்டோம்.

விஞ்ஞான பாடம் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், சுடரிலிருந்து அப்போதுதான் எடுத்த கண்ணாடிக் குழாயை வெறுங்கையாற் பற்றினான். விரல்கள் கொப்பளித்தன. அவனோ அழவுமில்லை, கையை உதறவுமில்லை. மற்றப் பிள்ளைகள் அவனது துணிவை மெச்சினார்கள், நாமும் மெச்சினோம். சில வாரங்களின் பின்னரே அவனுடைய முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்ததும், அவ்விடத்தில் உணர்ச்சி அற்றுப் போயிருந்ததும், வைத்தியர் அதனைத் தொழுநோய் என்று கண்டு மருந்து கொடுக்கத் தொடங்கியதும் தெரியவந்தன. செய்தி ஊருக்குட் பரவிற்று. பெற்றோர் சிலர் வந்து பேசினர். நாம் அவனைப் பாடசாலையிலிருந்து விலக்கவில்லை. அப்படியொரு பழிக்கு ஆளாக எமக்கு விருப்பமில்லை. ‘காற்றோட்டமான இடம்’ என்று சொல்லி அவனைக் கடைசி வாங்கிலே தனியாக இருத்தினோம். இரண்டு வாரங்களுக்குப் பின் அவன் வரவில்லை. அவனைத் தேடி எவரும் போகவில்லை. நாமும் போகவில்லை.

இந்தக் குற்றத்தை நாம் நெடுங்காலம் மறந்திருந்தோம். 2017 ஆகஸ்டில் பத்திரிகையிற் படித்த செய்தியொன்று அதனை மீண்டும் எம்முன் நிறுத்திற்று. கராச்சி நகரில் ஆகஸ்ட் 10ஆம் திகதி, எண்பத்தேழு வயதுடைய கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஒருவர் காலமானார் என்பதே அச்செய்தி. அவர் ஜேர்மனியிலே பிறந்தவர், வைத்தியர், பெயர் ரூத் பௌ. ஐம்பத்தேழு ஆண்டுகள் பாகிஸ்தானின் தொழுநோயாளர் நடுவே வாழ்ந்தவர். முஸ்லிம் மக்களின் நாடான பாகிஸ்தான், ஆகஸ்ட் 19ஆம் திகதி அவரது உடலைத் தேசியக் கொடியாற் போர்த்தி, அரச மரியாதையுடன் அடக்கம் செய்தது. இப்பெண்மணி யார், இவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது எது என்று அறிய விரும்பினோம். அறிந்தவற்றை எம்மைப் போன்ற ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வது பயனுடைத்து என்று தோன்றுகிறது.

*

ரூத் பௌ 1929 செப்டெம்பர் 9ஆம் திகதி லைப்சிக் நகரிலே பிறந்தார். அவருடைய பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி இட்லரின் ஆட்சியிற் கழிந்தது. யுத்தத்தின்போது குண்டுவீச்சில் அவர்களுடைய வீடு அழிந்தது. யுத்தம் முடிந்ததும் அந்நகர் சோவியத் படைகளின் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. 1948இல் அவர் எல்லையைக் கடந்து மேற்கு ஜேர்மனிக்குச் சென்றார். இதனைப் படிக்கும் எமது தோழர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும். வரலாறு எமது விருப்பத்திற்கேற்பத் தன் மனிதர்களைத் தெரிவுசெய்வதில்லை.

மைன்ஸ், மார்பேர்க் பல்கலைக்கழகங்களில் அவர் மருத்துவம் பயின்றார். மாணவியாயிருந்தபோது, நாஸிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்து வந்த ஒல்லாந்துப் பெண்ணொருத்தியை அவர் சந்திக்க நேர்ந்தது. அவ்வளவு கொடுமையையும் கண்ட அம்மாது, பழிவாங்கலைப் பற்றியன்றி அன்பையும் மன்னிப்பையும் பற்றியே பேசித் திரிந்தார். அச்சந்திப்பு ரூத்தின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது. 1953இல் கத்தோலிக்கரானார். 1957இல் ‘மரியாளின் இருதயப் புதல்வியர்’ என்னும் சபையிற் சேர்ந்தார்.

அச்சபையின் வரலாறு சுவையானது. 1790இல், பிரெஞ்சுப் புரட்சியின் சூறாவளிக்கு நடுவே தோன்றியது அது. மடங்கள் கலைக்கப்பட்டுக்கொண்டிருந்த அவ்வேளையில், மடமும் துறவுடையுமின்றிச் சாதாரண மக்களிடையே சாதாரண உடையுடன் வாழும் கன்னியரின் கூட்டமாக அதனை அமைத்தவர்களுள் அடலெயிட் டி சிசே என்ற பெண்மணியும் ஒருவர். புரட்சி அவர்கள் மீது சுமத்திய நெருக்கடி, பின்னர் அவர்களுடைய பலமாயிற்று. ரூத் பௌ கராச்சியிற் சல்வார் கமீஸ் அணிந்து, தலையிலே துப்பட்டாவுடன் நடமாட முடிந்தமைக்கு அம்மரபும் ஒரு காரணமன்றோ!

கன்னியாஸ்திரி ஒருவர் வைத்தியராவது இன்று எமக்கு வியப்பாகத் தோன்றாது. ஆனால் திருச்சபையின் சட்டமே நெடுங்காலம் அதற்குக் குறுக்கே நின்றது. துறவறம் பூண்டோர் மருத்துவத் தொழில் செய்தல் தகாது என்பது பழைய விதி. மகப்பேற்று மருத்துவமோ முற்றாக விலக்கப்பட்டிருந்தது. மறுபுறத்தில், ஆண் வைத்தியரிடம் செல்ல வழக்கம் இடங்கொடாத கீழைத்தேயப் பெண்கள் பிரசவத்திலே மடிந்துகொண்டிருந்தார்கள். இம்முரண்பாட்டைக் கண்டு பொறுக்காத பெண்கள் சிலரே அவ்விதியை அசைத்தனர். அவுஸ்திரேலியாவிலே 1910இற் பட்டம் பெற்ற மேரி குளோரி என்னும் வைத்தியர், பாப்பரசரின் தனி அனுமதி பெற்று 1920இல் ஆந்திர நாட்டின் குண்டூருக்கு வந்து, 1957இல் மறையும்வரை இந்தியாவிற் பணியாற்றினார். ஒஸ்திரிய நாட்டினரான அன்னா டெங்கல், இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியிற் பெண்களின் நிலையை நேரிற் கண்டவர். 1925இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு பெண்கள் சபையை நிறுவினார். இத்தகையோரின் விடாமுயற்சியின் பயனாகவே 1936இல் உரோமாபுரி தடையை நீக்கியது. மேலிருந்து அருளப்பட்ட சலுகையாக இதனைக் கொள்ளலாகாது. கீழிருந்து, வேலைத்தலத்திலிருந்து, பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது.

*

ரூத் பௌவைச் சபை அனுப்பியது பாகிஸ்தானுக்கன்று, தென்னிந்தியாவுக்கே. 1960இற் புறப்பட்டவர், இந்திய விசா கிடைப்பதில் ஏற்பட்ட தடங்கலினாற் கராச்சியிலே தங்க நேர்ந்தது. அங்கிருந்த மெக்சிக்கோ நாட்டுச் சகோதரி ஒருவர், நகரப் புகையிரத நிலையத்தின் அருகே மக்லியொட் வீதிக்குப் பின்னாலிருந்த தொழுநோயாளரின் சேரிக்கு அவரை அழைத்துச் சென்றார். பிரிவினையின் பின் அகதிகளால் நிரம்பி வழிந்த அப்பெருநகரம் எவர்களைத் தன் கண்ணிலே காண விரும்பவில்லையோ, அவர்கள் அங்கே குடிசைகளில் வாழ்ந்தனர், பிச்சையெடுத்து உண்டனர். சாக்கடை நீர் குடிசைகளின் நடுவே ஓடிற்று. உணர்ச்சியற்ற விரல்களை இரவில் எலிகள் கடித்தன, உறங்குவோர் அறிந்திலர்.

அங்கிருந்த சிறு மருந்தகத்தினுள்ளே, ஏறக்குறையத் தம் வயதினனான இளைஞனொருவன் சேற்றில் நாய்போல் நாலு காலால் ஊர்ந்து வந்ததை அவர் கண்டார். இக்காட்சியைப் பின்னாளிற் பல தடவை அவர் நினைவுகூர்ந்திருக்கின்றார். ஊர்ந்து வருதல் இயல்பானதே என்பதுபோல் அவ்விளைஞன் நடந்துகொண்டான். அதுவே அவரைச் சுட்டது. துன்பத்தைக் காட்டிலும் துன்பத்திற்குப் பழகிப் போதல் கொடியது. தன் நிலை மாற்றத்தக்கது என்னும் எண்ணமே ஒருவனிடமிருந்து பறிக்கப்படுமாயின், அவனிடம் பறிப்பதற்கு வேறென்ன மிஞ்சும்? விசா கிடைப்பதும் கிடையாததும் அவருக்கு அதன்பின் பொருட்டாகவில்லை. அவர் கராச்சியிலேயே தங்கினார்.

இந்நோய் பற்றிய சில உண்மைகளை இங்கு கூறவேண்டும். 1873இல் நோர்வே நாட்டின் ஹன்சன் என்னும் வைத்தியர் இதன் கிருமியைக் கண்டறிந்தார். இது பரம்பரையாக வருவதன்று, பாவத்தின் பலனுமன்று. கிருமி உடலிற் புகுந்து நோய் வெளித்தெரியப் பல ஆண்டுகள் செல்லும். பெரும்பாலான மனிதரின் உடல் இயற்கையாகவே அதனை எதிர்க்க வல்லது. கிருமி நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைக் கெடுக்கின்றது. அதன்பின் சுடுசட்டியும் முள்ளும் எலியும் விரல்களை அழிக்கின்றன. 1940களில் இதற்கு மருந்து வந்தது. 1981இல், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்துண்டால் நோய் தீரும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடும்.

ஆகவே எமது கடைசி வாங்கு எவரையும் எதனின்றும் காப்பாற்றவில்லை. மருந்துண்ணத் தொடங்கிய ஒரு சிறுவனிடமிருந்து அவனது கல்வியைப் பறித்ததே அதன் ஒரே பயன். விஞ்ஞானம் கற்பித்த எமக்கு இவ்விஞ்ஞானம் தெரியவில்லை.

மருந்து இருந்தும் நோய் ஏன் நீடித்தது? விடை சமுதாயத்தில் உளது. பிரித்தானிய இந்திய அரசு 1898இல் இயற்றிய தொழுநோயாளர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிடித்து அடைக்கப்பட வேண்டியவர் யாவர் என்பதற்கு அச்சட்டம் கூறிய விடை, ‘வறிய தொழுநோயாளர்’ என்பதாகும். பொதுவிடத்திற் பிச்சை எடுப்போரும் பிழைக்க வழியற்றோருமே அதன் இலக்கு. வீடும் வேலைக்காரரும் உடையவன் தன் நோயோடு தன் மாளிகையிலே இருக்கலாம். கிருமிக்கு வர்க்க பேதம் தெரியாது. சட்டத்திற்கு நன்கு தெரிந்திருந்தது. எமது நாட்டிலும் 1901இல் தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தும் சட்டம் பிறந்தது. பிடிபடும் அச்சத்தினால் நோயாளர் நோயை மறைத்தனர். மறைத்ததனால் அது முற்றியது. முற்றியதனால் ஊர் மேலும் அஞ்சியது. இச்சக்கரத்தை உடைப்பதற்கு மருந்து மாத்திரம் போதாது என்பதை ரூத் பௌ விரைவிலேயே உணர்ந்தார்.

*

1961இல் அவர் தமிழ்நாட்டின் வேலூருக்குச் சென்று தொழுநோய்ச் சிகிச்சையிற் பயிற்சி பெற்றார். வேலூர் அக்காலத்தில் இத்துறையில் உலகின் கண்களை ஈர்த்த இடம். போல் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர் அங்கேதான் ஓர் உண்மையை நிலைநாட்டினார்: தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை; வலி உணரப்படாமையால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றுச் சத்திர சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்யலாம் என்றும் அவர் காட்டினார். இரவில் விரல்களைக் கடிக்கும் எலிகளைத் தடுக்க நோயாளருக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டதும் அங்கேதான். அற்பமாகத் தோன்றும் இச்செய்தியில் ஓர் ஆழ்ந்த பாடம் அடங்கியுள்ளது. விதி என்று கருதப்பட்டதற்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் தடுக்க முடியும். ஊர்ந்து வந்த அவ்விளைஞனுக்கு எவரும் சொல்லாத செய்தி இதுதான். வேலூரிலிருந்து அவர் அதனைக் கராச்சிக்குக் கொண்டு சென்றார்.

1963இற் கராச்சி நகரின் நடுவே ஒரு கட்டிடம் வாங்கப்பட்டது. சபையைத் தோற்றுவித்த பெண்ணின் பெயரால் மேரி அடலெயிட் தொழுநோய் நிலையம் என அது பெயர் பெற்றது. நாட்டின் எல்லாத் திசைகளிலுமிருந்தும், எல்லைக்கு அப்பாலுள்ள ஆப்கானிஸ்தானிலிருந்தும் நோயாளர் வந்தனர். இவ்விடத்திலேதான் அவருடைய பணி, நாம் வழக்கமாகக் கேள்விப்படும் அறப்பணிகளினின்றும் வேறுபடத் தொடங்குகின்றது. வருவோருக்கெல்லாம் மருந்தும் சோறும் கொடுத்து, ‘கருணையின் இல்லம்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு அவர் இருந்திருக்கலாம். ஆனால் நோயாளர் ஏன் ஆயிரம் மைல் நடந்து கராச்சிக்கு வரவேண்டும் என்று அவர் கேட்டார். நோய் மலையிலே பிறக்குமாயின் மருந்தும் மலைக்கல்லவா போகவேண்டும்?

போவதற்கு வைத்தியர்கள் இருக்கவில்லை. பட்டதாரி வைத்தியர் எவரும் பலுச்சிஸ்தானத்துப் பாலைவனத்திலோ வடக்கின் பனிமலைகளிலோ தொழுநோயாளரைத் தேடித் திரிய முன்வரவில்லை. எனவே ரூத் பௌவும் அவருடன் உழைத்த பாகிஸ்தானிய வைத்தியர்களும், சாதாரணக் கல்வி பெற்ற இளைஞர்களைத் தெரிந்தெடுத்துத் தொழுநோய் உதவியாளராகப் பயிற்றினார்கள். நோயிலிருந்து குணமடைந்தோரும் இவர்களுட் சேர்ந்தனர். அவர்களுக்கு அந்தந்தப் பிரதேசத்தின் மொழி தெரியும். எந்த வீட்டிலே எவரை மறைத்து வைத்திருக்கின்றார்கள் என்பதும் தெரியும். தேமலைக் காணவும், நரம்பைத் தொட்டுப் பார்க்கவும், மருந்தைத் தவறாது கொடுக்கவும், குடும்பத்தினரின் அச்சத்தைப் பேசித் தீர்க்கவும் அவர்கள் கற்றார்கள். ரூத் பௌவும் ஜீப் வண்டியிலும் குதிரையிலும் கால்நடையாகவும் அவர்களோடு சென்றார்.

1968இல், அவரது தூண்டுதலால், பாகிஸ்தான் அரசாங்கம் நிலையத்துடன் சேர்ந்து தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. காலப்போக்கில் நாடெங்கும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிகிச்சை நிலையங்கள் தோன்றின. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் சிகிச்சை பெற்றனர். 1979இல் அவர் மத்திய அரசின் தொழுநோய் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். 1988இற் பாகிஸ்தான் அவருக்குக் குடியுரிமை வழங்கிற்று. 1996இல், தொழுநோயைக் கட்டுக்குட் கொண்டுவந்த நாடு என உலக சுகாதார நிறுவனம் பாகிஸ்தானை அறிவித்தது. ஆசியாவில் இந்நிலையை முதலில் அடைந்த நாடுகளுள் அதுவும் ஒன்று. தொழுநோயின் தேவை குறையக் குறைய, அதே நிலையங்கள் காசநோயையும் பார்வையிழப்பையும் எதிர்க்கும் பணிக்குத் திரும்பின.

*

இதுவரை வாசித்த தோழர் ஒருவர், ‘மிசனரிமார் வரலாறு எமக்குத் தெரியாததா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீரங்கிக்குப் பின்னால் வியாபாரியும், வியாபாரிக்குப் பின்னால் வேதபோதகரும் வந்த கதையை எமது நாடும் அறியும். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் காட்டி மதம் மாற்றியதுண்டு. பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு கொடுப்பதன்மூலம், அவன் ஏன் பசித்தான் என்ற கேள்வியை அடக்கிய அறங்களும் உண்டு. அறக்கொடை பெறுபவன் என்றென்றும் கையேந்தியே நிற்கவேண்டும். அவன் நிமிர்ந்துவிட்டாற் கொடுப்பவனின் புண்ணியம் நின்றுவிடும். இவ்விமர்சனத்தில் ஒரு சொல்லையும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அளவுகோல் ஒன்றைக் கையிலெடுத்தபின், அதனை எல்லோர் மீதும் ஒரே விதமாகப் பிரயோகிப்பதே நேர்மை. ரூத் பௌ தம் நம்பிக்கையை மறைக்கவுமில்லை. மருந்துக்கு விலையாக அதனை விற்கவுமில்லை. முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். அவரவர் சமயம் அவரவருடையதாகவே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் அவருடைய நிலையத்தைத் தாங்கியது உண்மை. அப்பணத்தினால் அவர் செய்தது, அந்நாட்டு இளைஞரின் கையிலே அறிவைக் கொடுத்தமை. அறிவு கைமாறியபின் கொடுத்தவர் தேவையற்றவராகின்றார். தாம் தேவையற்றவராவதையே அவர் நோக்கமாகக் கொண்டார். முதுமையில் நிருவாகப் பொறுப்பையும் பாகிஸ்தானியரிடமே ஒப்படைத்தார்.

அவரை ஆலோசகராக நியமித்த 1979ஆம் ஆண்டின் அரசு, ஸியா உல் ஹக்கின் இராணுவ அரசு என்பதையும் மறைக்கலாகாது. சிறையும் சவுக்கடியும் மலிந்த காலம் அது. சர்வாதிகாரியின் அரசிற் பதவி ஏற்கலாமா என்று கேட்போரை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும், மாக்ரான் கரையிலே மறைத்து வைக்கப்பட்டிருந்த நோயாளிப் பெண், ஜனநாயகம் வரும்வரை தன் நரம்புகளைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? அரசின் களஞ்சியமும் வண்டியும் சுகாதார நிலையமும் மக்களுடையவை. ஆட்சியாளன் அவற்றின்மீது சிலகாலம் அமர்ந்திருப்பவனே. இக்கேள்விக்கு எம்மிடம் எளிய விடையில்லை. அவர் தம் விடையை வேலையாற் கூறினார் என்பதை மாத்திரம் குறித்து வைப்போம்.

பத்திரிகைகள் அவரைப் ‘பாகிஸ்தானின் அன்னை தெரேசா’ என்று புகழ்ந்தன. புகழுரையாக அது நன்று. விளக்கமாக அது போதாது. சாகப் போகிறவனுக்கு ஆறுதல் கூறுவது ஒரு பணி. சாகவேண்டியதில்லை, ஊரவேண்டியதில்லை, உன் நோய்க்கு மருந்துண்டு, உன் பிள்ளைக்குப் பள்ளியிலே இடமுண்டு என்று சொல்லி, அதற்கான ஒழுங்குகளை நாடு முழுவதும் செய்து வைப்பது வேறொரு பணி. இதிற் கருணையோடு கணக்கும் பதிவேடும் பயிற்சிநெறியும் வரவுசெலவும் அமைச்சரின் கதவைத் தட்டும் பொறுமையும் வேண்டும். புனிதர் கதைகளில் இவை இடம்பெறுவதில்லை. அக்கதைகளில் மலையேறிச் சென்ற பெயரறியா உதவியாளர்களும் இடம்பெறுவதில்லை. ஆனால் அந்நாட்டில் நோய் தோற்றது அவர்களால். ஒருவரை வானளாவப் புகழ்ந்து, ‘எம்மால் ஆகுமா!’ என்று ஒதுங்கிக்கொள்வது, எமது சோம்பலுக்கு நாம் சூட்டும் மாலையன்றி வேறென்ன?

தொண்டுக்கு அளவுகோல் உண்டாயின் அஃது இதுவாகவே இருக்கவேண்டும்: தொண்டு செய்தவர் போனபின் எஞ்சி நிற்பது யாது? நன்றியுணர்வு மாத்திரமா? அன்றி, எவருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லாமல் மக்கள் தமது உரிமையாகப் பெறத்தக்க ஓர் ஏற்பாடா? 2000ஆம் ஆண்டின் பலுச்சிஸ்தான் வரட்சியிலும், 2005இன் பூகம்பத்திலும், 2010இன் பெருவெள்ளத்திலும் ரூத் பௌவும் அவருடைய உதவியாளர்களும் களத்தில் நின்றபோது, தொழுநோய்க்கெனக் கட்டப்பட்ட அவ்வேற்பாடே மக்களுக்குத் துணை நின்றது.

*

நோய் இன்னும் உலகை விட்டு நீங்கவில்லை. 2023இல் மாத்திரம் 182,000க்கு மேற்பட்ட புதிய நோயாளர் உலகெங்கும் கண்டறியப்பட்டனர். எமது நாடு 1995இலேயே நோயைக் குறிப்பிட்ட மட்டத்திற்குக் கீழே கொண்டுவந்தது; எனினும் ஆண்டுதோறும் இங்கும் புதியவர்கள் கண்டறியப்படுகின்றார்கள். அவர்களுட் பள்ளிப் பிள்ளைகளும் உளர். எங்கோ ஒரு வகுப்பறையில், சூட்டை உணராத கையொன்று இன்றும் இருக்கக்கூடும்.

அப்பிள்ளையை முதலிற் காண்பவர் வைத்தியர் அல்லர்; ஆசிரியரே. தேமலைக் கண்டதும் பெற்றோரை அமைதியாக அழைத்துப் பேசுவதற்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்பதற்கும், மற்றப் பெற்றோர் வந்து நிற்கும்போது உண்மையை எடுத்துச் சொல்வதற்கும் துறவறம் வேண்டியதில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் பிறநாட்டில் வாழவேண்டியதுமில்லை. சிறிது அறிவும், ஒரு பிற்பகல் நேரத்துத் துணிவும் போதும். அவை எம்மிடம் இருக்கவில்லை. சமத்துவம் என்னும் சொல் எம் நாவில் இருந்தது; வகுப்பறையில் அதற்கு நாம் கொடுத்த இடம் கடைசி வாங்கு.

ரூத் பௌவின் செய்தியைப் படித்த சில நாட்களின் பின், அச்சிறுவன் வாழ்ந்த தெருவைத் தேடிச் சென்றோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. குடும்பம் வேறூருக்குப் போய்விட்டது என்றார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் மாத்திரம் நினைவுபடுத்திச் சொன்னார்: பையனுக்கு நோய் மாறிவிட்டதாம், கையும் நன்றாக இருக்கிறதாம், எங்கோ தச்சு வேலை செய்கிறானாம். கேட்டு மகிழ்ந்தோம். ‘மேலே படித்தானா?’ என்று வினவினோம். ‘இல்லைத் தம்பி, பள்ளிக்கூடத்தாலே நிண்டவன் பிறகு போகேல்லை’ என்றார்.

மருந்து தன் கடமையைச் செய்திருந்தது.